சிரட்டையும் பீப்பாயும்: முத்துக் கரையின் கருப்பட்டிச் சுவைமரபு

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் பத்து வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசிச் சல்லடையில் 1000 துளை. இருபதில் தங்குவது ஒரு விலை, ஆயிரத்தில் தங்குவது ஒரு விலை. அதற்குப் பிறகு கண் வேலை. உருட்சியும் நிறமும் ஒளியும் பார்த்து, ஆணி முதல் தூள் வரை பெயரிட்டு, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை சொல்வார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொற்களைப் பேசினார்கள். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக் குளிப்பு ஓய்ந்தது. அந்தச் சொற்களும் மெல்ல வழக்கொழிந்தன.

அதே கரையில், மணலுக்கு மேலே, முத்துக்குக் குறையாத தர வேறுபாடுகள் கொண்ட இன்னொரு பொருள் இன்றும் விளைகிறது. பனையின் பதனி, அதைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி. தெற்கே உடன்குடி, சாத்தான்குளம், குலசேகரன்பட்டினம், வடக்கே வேம்பார். இந்த ஊர்களில் வளர்ந்த ஒருவருக்குக் கருப்பட்டியை நாக்கில் வைத்ததும் நல்லதா, கலப்பா என்று தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தடுமாறுவார். இந்த நாக்கறிவு ஏட்டில் மிகக் குறைவாகவே ஏறியிருக்கிறது. அதை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு ஒப்புநோக்க, வெளிநாட்டுச் சந்தைகளில் ‘ஜப்பானிய அரிசி விஸ்கி’ என்று விற்கும் மதுவை எடுத்துக்கொள்கிறேன். தூரத்துப் பொருள்தான். ஆனால் தரத்தைச் சொல்லில் வைப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஜப்பானுக்கும் இந்தக் கரைக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டு. 1893இல் மிக்கிமோட்டோ கோக்கிச்சி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். 80 ஆண்டு கழித்து, 1973இல், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நம் கடல் சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். வளர்ப்பு முத்து வந்தபோது உலகச் சந்தையில் எழுந்த முதல் கேள்வி, இதை என்ன பெயரில் விற்பது என்பதுதான். அரிசி விஸ்கியின் கதையும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவில், குமமோட்டோ மாநிலத்தில், குமா என்றோர் ஆறு. அதன் கரையில் ஹிதோயோஷி நகரைச் சுற்றி, அரிசியிலிருந்து ஷோச்சூ என்னும் சாராயம் வடிப்பது பரம்பரைத் தொழில். வேகவைத்த அரிசியில் கோஜி என்னும் பூஞ்சணத்தைப் படரவிடுவார்கள். அது அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும். கோஜியில் சிட்ரிக் அமிலம் சுரக்கும் வகையைத் தென்பகுதிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெக்கை மிகுந்த ஊரில் ஊறல் கெட்டுப்போகாமல் காப்பது அந்தப் புளிப்பு. நம் பனையேறி கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசுவதும் இதே வெக்கையை எதிர்த்துத்தான். அவர்கள் புளிப்பால் காத்தார்கள், நாம் காரத்தால் காத்தோம்.

குமா ஷோச்சூவுக்கு 1995இலேயே புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அரிசி மட்டும், அந்த வட்டாரத் தண்ணீர், ஒருமுறை மட்டும் வடிப்பு, அங்கேயே புட்டியில் அடைப்பு என்பன விதிகள். இந்த விதிகளுக்குள்ளேயே இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று பழைய பள்ளி. சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்கவைத்து வடிப்பது. அதில் பொரியின் வாசமும் வறுத்த அரிசியின் கனமும் இருக்கும். நாக்கில் எண்ணெய்ப் பசைபோல் படியும். மற்றொன்று 1970களில் பரவிய பள்ளி. பானைக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் 50 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே ஊறல் கொதித்துவிடும். அடிபிடிக்கும் வாசம் ஏறாது. பழ வாசமும் மென்மையும் தங்கும். எது உயர்ந்தது என்று அங்கே இன்றும் முடிவாகவில்லை. இது எந்தப் பள்ளியின் சரக்கு என்று மட்டும் குடிப்பவருக்குத் தெரியும். புட்டியிலும் பெரும்பாலும் குறித்திருக்கும்.

இந்த ஷோச்சூவை ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் பொன்னிறம் ஏறும். இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. ஷோச்சூ என்ற பெயருக்கு நிற அளவில் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஷோச்சூ என்று விற்க முடியாது. விஸ்கி என்றும் விற்க முடியாது, ஏனெனில் ஜப்பானியச் சட்டப்படி விஸ்கிக்கு முளைகட்டிய தானியம் வேண்டும். கோஜி அதற்கு ஈடாகாது. ஆனால் அமெரிக்காவில், தானியத்தை ஊறவைத்து வடித்து ஓக்கில் வைத்திருந்தால் விஸ்கி என்ற பெயர் கிடைத்துவிடும். ஆகவே 1823இல் தொடங்கிய ஃபுகானோ, 1872இல் தொடங்கிய ஓஹிஷி போன்ற குமா வட்டாரச் சாராய வீடுகளின் பீப்பாய்ச் சரக்கு கடல் கடந்ததும் விஸ்கி ஆகிறது. ஜப்பானிய மதுத் தயாரிப்பாளர் சங்கம் 2021இல் ஒரு வரையறை வகுத்தது: ஜப்பானிய விஸ்கி என்றால் முளைகட்டிய தானியம் சேர்ந்திருக்க வேண்டும், ஊறலும் வடிப்பும் ஜப்பானில் நடக்க வேண்டும், அங்கேயே மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் சங்க உறுப்பினர்கள் எல்லாரும் அதற்கு முழுமையாகக் கட்டுப்பட்டவர்கள். கோஜியால் ஆன அரிசி விஸ்கி அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது.

வெளியே நிற்பதால் அதன் சுவை குறைந்துவிடவில்லை. சுவைத்தறியும் முறையும் தெளிவானது. வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். முதலில் நிறம், பிறகு மூக்கைச் சற்றுத் தள்ளி வைத்து வாசம். கஞ்சியின் இனிமை முன்னே வரும், பீப்பாய் கொடுத்த வனிலாவோ உலர்திராட்சையோ பின்னே வரும். ஓஹிஷியில் செர்ரி மரப் பீப்பாயில் வைத்த சரக்கும் உண்டு. அதில் வேறொரு நறுமணம். பிறகு ஒரு சிறு மிடறு, நாக்கு முழுவதும் படும்படி. விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விட்டால்தான் அடிவாசம் தெரியும். கடைசியாகச் சில துளி தண்ணீர் சேர்த்து மீண்டும் ஒருமுறை. வாற்கோதுமை விஸ்கியின் காரத்தைத் தேடுபவருக்கு இது மிக மெல்லியதாகப்படும். சோறு தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த மென்மைக்குள் இருக்கும் படிகள் எளிதில் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

இனி நம் கரைக்கு வருவோம்.

பதனியின் சுவை மண்ணில் தொடங்குகிறது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி, காற்று குவித்த செம்மணல் மேடு. மழை குறைவு, பெய்த மழையும் மணலுக்குள் இறங்கிவிடும். அங்கு நிற்கும் பனையின் பதனியில் தித்திப்புத் திரட்சியாக இருக்கும் என்பது உடன்குடிக்காரர்களின் உறுதியான வாக்கு. கடலை ஒட்டி நிற்கும் பனையில் மெல்லிய உப்புக் கரிப்பு உண்டு என்பார்கள். வேம்பார்ப் பக்கம் நிலமும் காற்றும் வேறு. அந்த ஊர்க் கருப்பட்டிக்குத் தனி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் இரண்டு தலைமுறையாக வாங்கும் கருப்பட்டி எந்த ஊருடையதோ, அதுவே அவருக்கு அளவுகோல். மண்ணின் பள்ளி என்று இதைச் சொல்லலாம்.

மரத்திலும் வேறுபாடு உண்டு. ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் தெற்கே சொல்வார்கள். இரண்டிலும் பாளையைக் கட்டி, கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லியதாகச் சீவிக்கொண்டே வர வேண்டும். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளும். மாசியில் தொடங்கும் பருவம் ஆடியோடு பெரும்பாலும் முடிகிறது. பருவத் தொடக்கப் பதனிக்கும் கோடை முற்றிய காலத்துப் பதனிக்கும் இனிப்பில் வேறுபாடு இருக்கும். ஒரே மரத்தில் ஏறுபவருக்கு அது கலயத்தைத் தூக்கும்போதே தெரியும்.

அடுத்தது சுண்ணாம்பு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதனி; தடவாவிட்டால் சூரியன் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். பூசும் அளவில்தான் பனையேறியின் கை தெரியும். குறைந்தால் புளிப்புத் தட்டும். கூடினால் நாக்கு வறளும். காய்ச்சும்போது கருப்பட்டி நிறம் கறுத்துக் கசப்பும் ஏறும். நல்ல பதனியில் சுண்ணாம்பு இருப்பதே தெரியாது. குடித்து முடித்த பிறகு தொண்டையில் ஒரு குளிர்ச்சி மட்டும் நிற்கும். தெளியவைத்து, அடியில் படிந்ததைக் கலக்காமல் ஊற்றுவது பதனி விற்பவரின் ஒழுக்கம். பனையோலைப் பட்டையில் மாங்காய்த் துண்டு போட்டுக் குடிப்பது கோடைக்கு ஏற்ற வழக்கம்தான். ஆனால் தரம் பார்க்க வேண்டுமானால் வெறும் பதனியைப் பட்டையில் வாங்கி, பச்சை ஓலை வாசத்தோடு முதல் மிடறைக் குடிக்க வேண்டும். மாங்காயின் புளிப்பு, பதனியின் புளிப்பை மறைத்துவிடும்.

இந்தச் சுண்ணாம்பு, சட்டத்தின் எல்லைக்கோடும்கூட. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை. சுண்ணாம்பு தடவிய கலயம் தொழில். தடவாத கலயம் குற்றம். கள் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தத் தடைக்குப் பிறகு இந்தக் கரையில் புளித்த பனைநீரைச் சுவைத்துத் தரம் சொல்லும் மரபு ஒரு தலைமுறைக்குமேல் அறுந்துகிடக்கிறது. அது எப்படி வளர்ந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கடலைக் கடக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பதனியைக் கருப்பநீர் என்பார்கள். கருப்பட்டி அங்கே பனங்கட்டி. சிறிய ஓலைக் குட்டானில் ஊற்றி உறையவைப்பதால் ஓலை வாசம் கட்டிக்குள்ளேயே இறங்கிவிடும். வெறுந்தேநீரோடு ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது அங்கத்திய முறை. நாம் காப்பியில் கரைத்துவிடுகிறோம். அவர்கள் தனியே கடித்துச் சுவைக்கிறார்கள். தரம் பார்க்க அவர்கள் முறையே மேல் என்று எனக்குப் படுகிறது. 1978 முதல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை இயங்கிவருகிறது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை பனங்கள்ளிலிருந்து சாராயம் வடித்துப் பெயர்பெற்றது. தெற்கே வாதுவை, களுத்துறைப் பக்கம் தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் சாராயத்தை ஹல்மில்லை மரத் தொட்டிகளில் முதிரவைக்கிறார்கள். ஓக் மரம் வனிலாவைக் கொடுக்கும். ஹல்மில்லை அவ்வளவு கொடுக்காது, கள்ளின் பூ வாசத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கும். தென்னைச் சாராயம் மென்மையானது, பனைச் சாராயம் நெடி கூடியது. குமாவில் இரண்டு பள்ளிகள் இருப்பதுபோலவே இங்கும் இரண்டு. வாங்குபவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் பக்கத்தில் பதனியின் கடைசி வடிவம் கருப்பட்டி. அதன் நுட்பம் முழுவதும் அடுப்பில் இருக்கிறது. பனையோலை வேய்ந்த விடிலிக்குள், வாயகன்ற பாத்திரத்தில், உடை விறகும் காய்ந்த மட்டையும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். பெரும்பாலும் பெண்கள். 1 கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதனி வேண்டும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை இடித்துப் போடுவார்கள். பாதிப் பதத்தில் கூப்பனி. அதைப் பானையில் நூல் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு. மேலும் காய்ச்சினால் பாகு திரளும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு நிற்க வேண்டும். அந்த நொடியைத் தவறவிட்டால் கருகல். முந்தினால் கருப்பட்டி உறையாமல் கசியும். இறக்கித் துழாவிச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். சிரட்டையின் அச்சே அதன் வடிவம்.

காய்ச்சும் கையிலும் பள்ளிகள் உண்டு. சிலர் பாகை நன்கு முற்றவிட்டு ஊற்றுவார்கள். கட்டி கெட்டியாக, ஓராண்டு தாங்கும்படி இருக்கும். சுவையில் புகையும் கசப்பின் சாயலும் தெரியும். சிலர் சற்று இளம்பதத்தில் இறக்குவார்கள். இனிப்பும் பதனி வாசமும் முன்னே நிற்கும், ஆனால் ஈரக்காற்றில் இளகிவிடும். உடன்குடியில் சுக்கு சேர்த்துச் செய்யும் புட்டுக் கருப்பட்டி தின்பண்டமாகவே வேறு வகை. பிறகு, முதிரவைக்கும் பழக்கம். அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்த பழைய கருப்பட்டியைப் பிள்ளை பெற்ற பெண்களுக்கான மருந்துகளுக்கும் களிக்கும் என்று தனியே எடுத்துவைக்கும் வீடுகள் இருந்தன. பீப்பாயில் விஸ்கி முதிர்வதற்கு இணையாக இந்தப் பரண் முதிர்ச்சியைச் சொல்வேன். புதுக் கருப்பட்டியின் எடுப்பான தித்திப்பு அடங்கி, ஆழ்ந்த சுவை ஒன்று மேலே வரும். இதற்கு எத்தனை மாதம், எவ்வளவு புகை என்பதை யாராவது உடனே கேட்டு எழுதிவைக்க வேண்டும். விறகடுப்புகள் போய்க்கொண்டிருக்கின்றன.

தரம் பார்க்கும் முறை இது. முதலில் உடைக்க வேண்டும். நல்ல கருப்பட்டியின் உடைந்த முகம் மங்கலாக, நெருக்கமான மணலாக இருக்கும். சீனி கலந்தது பளபளக்கும். கண்ணாடிச் சில்லுபோல் மினுக்கும். அடுத்து மூக்கு: விரலால் தேய்த்துச் சூடேற்றினால் புகையும் பனையும் சேர்ந்த வாசம் வர வேண்டும். வெறும் வெல்ல வாசம் வந்தால் சந்தேகப்படலாம். பிறகு ஒரு சிறு துண்டை மெல்லாமல் நாக்கில் வைக்க வேண்டும். முதலில் இனிப்பு, உடனே அதைத் தாங்கி நிற்கும் ஒரு கரிப்பு, கடைசியில் தொண்டையில் மெல்லிய கசப்பு. இந்த மூன்றும் இந்த வரிசையில் வந்தால் அசல். சீனியின் இனிப்புத் தட்டையானது. வந்த வேகத்தில் போய்விடும், பின்னால் ஒன்றும் வராது. கடைசியாக வெந்நீரில் கரைத்துத் தெளியவைத்து அடியைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு கூடியிருந்தால் அங்கே வெண்மையாகப் படிந்திருக்கும். உளுந்தங்களியில் நல்லெண்ணெயோடு சேர்த்துக் கிண்டினால் இன்னொரு சோதனையும் ஆகும்: எண்ணெய் வாசத்தையும் மீறிப் பனை வாசம் நிற்கிறதா என்று.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெருமைதான், ஆனால் போதாது. சீனியின் விலை கருப்பட்டி விலையில் சிறு பங்கு. அந்த இடைவெளி இருக்கும்வரை சீனிக்கரைசலில் கொஞ்சம் பாகைக் கலந்து சிரட்டையில் ஊற்றும் ஆசை ஓயாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளும் பறிமுதல்களும் செய்தியில் வந்துகொண்டே இருக்கின்றன. கலப்படம் செய்பவரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, கலப்பையே அசல் என்று பழகும் நாக்கு. பளபளப்பான, இளமஞ்சள் கட்டியைப் பார்த்து ‘இது சுத்தமாக இருக்கிறது’ என்று வாங்குகிறவர்கள் நகரங்களில் பெருகிவிட்டார்கள். கறுத்து மங்கிய அசலை அவர்கள் ஒதுக்குகிறார்கள்.

வெண்மையை நோக்கிய இந்த ஓட்டத்தைக் குலசேகரன்பட்டினம் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரி கம்பெனியைச் சேர்ந்த ஆலை ஒன்று அங்கே பனையிலிருந்து சீனி எடுத்தது. அதற்காகத் திருச்செந்தூர், திசையன்விளைப் பக்கம் தனி ரயிலும் ஓடியது. பனையின் கரிப்பு, புகை, கசப்பு எல்லாவற்றையும் நீக்கி வெள்ளைச் சீனி ஆக்கிவிட்டால், அது கரும்புச் சீனியோடு விலையில் மட்டுமே போட்டி போட முடியும். ஆலையும் ரயிலும் போய்விட்டன. விடிலிக் கருப்பட்டி அந்த நீக்கப்பட்ட சுவைகளால்தான் இன்றும் விலைபோகிறது. இன்று அந்த ஊரின் பெயர் விண்வெளி ஏவுதளத்துக்காகப் பேசப்படுகிறது. தேரியோரப் பனைகளையும் அதே அக்கறையோடு எண்ணிக் காக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமன்று. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடக்கிறது; ஆய்வகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி முடிந்ததும், தேரி, கடற்கரை, வேம்பார் என்று வட்டாரம் பிரித்துக் கருப்பட்டியைப் பெயர் மறைத்து வரிசையாக வைத்துச் சுவைத்துத் தரம் எழுதலாம். ஜப்பானில் அரசின் மது ஆராய்ச்சி நிலையம் 1911 முதல் புதிய சாக்கே மதுவை நாடு முழுவதிலிருந்தும் வரவழைத்து இப்படித்தான் சுவைத்து மதிப்பிட்டுவருகிறது. உடைந்த முகம், வாசம், கரிப்பின் அளவு, கசப்பின் இடம், சுண்ணாம்பு, பதம் என்று ஒரே தாள் போதும். கட்டியின் உறையில் ஊரும் பருவமும் ‘முற்றிய பதம்’, ‘இளம்பதம்’ என்ற சொல்லும் அச்சாகட்டும். சீனி சேர்த்துச் செய்பவர் செய்யட்டும். உறையில் சீனி என்று இருக்கட்டும், கருப்பட்டி என்ற பெயர் அதில் வேண்டாம்.

சுவைத்துச் சொல்லும் நடுவர்களாக முதலில் அழைக்க வேண்டியவர்கள் விடிலியில் பாகு பதம் பார்க்கும் பெண்கள். பருவம் தவறாமல் பல்லாண்டு அடுப்பின் முன் நின்றவர்கள் அவர்கள்; தண்ணீரில் விட்ட ஒரு துளியைப் பார்த்து முடிவெடுப்பவர்கள். அவர்களுக்கு நாள் சம்பளமும், தாளில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் பெயரும் கிடைக்க வேண்டும்.